எதிரே வண்டி வந்தால்

சாப்பாட்டு மேஜையில் இந்தியா விரிந்து கிடக்கிறது.
கர்நூல் மேல் சாம்பார்க் கிண்ணம்.
ஜான்சியில் தயாபரனின் முழங்கை.
காஸாவுக்கு மேலே மிச்சமிருக்கும் வெள்ளையில்
சிராஜுதீன் பென்சிலால் எழுதுகிறான்:
பெட்ரோல் இல்லை. சிக்னல் இல்லை.
அடிக்கோடிட்டு, கொஞ்சம் யோசித்து,
சந்தோஷமாக இன்னொரு கோடு.

இருபத்தொரு நாள் விடுப்பு.
போக எட்டு, வர எட்டு,
மலைக்கு ஐந்து.
ஐந்து நாளைக்கா இவ்வளவு என்று கேட்ட
எங்கள் கம்மனஹள்ளி அடுக்ககத்துச் செயலாளருக்கு
யாரும் பதில் சொல்லவில்லை.
அவர் கவலை வேறு:
ஜெரிகேன்களைக் கீழ்த்தளத்தில் வைக்கக் கூடாது.

வண்டி, பதினாறு வயது ஜிப்சி.
கோலாரில் தக்காளி மண்டிக்காரர் ஒருவரிடம் வாங்கியது.
மழை பிடித்தால் கதவிடுக்கிலிருந்து
இன்னும் லேசாகப் புளிக்கும்.
மெக்கானிக் மஞ்சப்பா அதன் அடியில் படுத்தபடி
மூன்று சனிக்கிழமை பேசினார்;
அவர் கால்களோடுதான் எனக்குப் பழக்கம்.
"லோ ரேஞ்ச் சரியா விழுது மேடம்.
நீங்க பயப்படாம போடணும், அவ்ளோதான்."

ஜே.சி. ரோட்டில் இரண்டு மணி நேரப் பேரம்.
ஓர் இழுவைக் கயிறு, இரண்டு கொக்கி.
யாரை இழுக்க என்றார் கடைக்காரர்.
நல்ல கேள்வி.
நாங்கள் போவதே ஒற்றை வண்டியில்.

எடைக் கணக்கு என் தலையில்.
குளியலறைத் தராசை ஹாலுக்குக் கொண்டுவந்து
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறினேன்:
நானும் கூடாரமும்,
நானும் இரண்டாவது ஸ்டெப்னியும்,
நானும் இருபது லிட்டர் தண்ணீரும்.
ஒவ்வொரு முறையும் என்னைக் கழித்தேன்.
ஒரு மாலை முழுக்க
கழித்துக் கழித்து எழுதிய தாளில்
மொத்தம் நூற்றெண்பத்து மூன்று கிலோ.
அதில் நானே இல்லை என்பதை
தயாபரன்தான் கண்டுபிடித்தான்.

பிறகு சட்டங்கள்.
ஓடையைக் காலையிலேயே கடந்துவிடு,
மதியம் பனி உருகித் தண்ணீர் ஏறும்.
சரளையில் சக்கரக் காற்றைக் குறை.
தலை வலித்தால் வீரம் பேசாதே, இறங்கு.
ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வந்தால்
ஏறுகிறவருக்கு வழி.
இறங்குகிறவர் பின்னால் போகட்டும்,
ஒதுங்க ஓர் அகலம் கிடைக்கும்வரை,
விளிம்பைப் பார்த்தபடி.

"ரிவர்ஸ் யார் எடுப்பது?" என்றேன்.
சிராஜ் காதைச் சொறிந்தான்.
தயாபரன் இந்தியாவை மடிக்க ஆரம்பித்தான்,
தப்பான மடிப்பில்.

பதினான்கு வருடத்தில்
அவன் பின்வாங்கி நான் பார்த்ததெல்லாம்
பார்க்கிங்கில் மட்டும்.
நான் மட்டும் என்ன.
ஹென்னூர்ச் சந்தில் ஒரு மாலை
தண்ணீர் லாரிக்கு எதிரே இன்ஜினை அணைத்துவிட்டு
நாற்பது நிமிடம் வேர்க்கடலை தின்றவள்.

அதனால் இரவு பதினொன்றரைக்குக் கீழ்த்தளம்.
வலப்பக்கச் சுவர் மலை.
இடப்பக்கம் குல்கர்ணி வீட்டுப் புதுக்கார்,
அது பள்ளத்தாக்கு.
பின்னால் டார்ச்சோடு தயாபரன்.
வாட்ச்மேன் பகதூர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
படம் பார்ப்பதுபோல் உட்கார்ந்தார்.
இமயத்தின் பக்கம் பிறந்தவர்;
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று தடவை இறங்கிவிட்டேன்.
நான்காவதுக்கு ராம்ப்பில் மேலே ஏறும்போது
தெருவிலிருந்து ஒரு கார் உள்ளே திரும்பியது.
நைட் ஷிஃப்ட் முடித்த பையன்.
முகப்பு விளக்கில்
என் கைகள் ஸ்டியரிங்கில் வெளுத்துத் தெரிந்தன.

ஏறுகிறவள் நான்.
சட்டப்படி வழி என்னுடையது.
அவன் ஹாரன் அடிக்கவில்லை, கொட்டாவி விட்டான்.
டேஷ்போர்டில் கடலை கூட இருந்தது.

கிளட்சை அழுத்தினேன்.
கியர் ஒருமுறை முனகி
விழுந்தது.
கண்ணாடியில் சின்ன வெளிச்சம் ஒன்று
ஆடியபடி பின்னால் நகர்ந்தது.
"வா... வரலாம்... வரலாம்,
இன்னும் இடம் இருக்கு."